ஜோக்கரின் கைக்குக் கீழே

திங்கட்கிழமை காலை முனீஸ்வரி தொண்டை கட்டிப் போய் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ஆஜர் சொல்லக்கூடக் குரல் எழும்பவில்லை. டீச்சர் காய்ச்சலா என்று கேட்டதற்கு, இல்லை என்று பெருமையாகத் தலையாட்டினாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெப்சிபாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்டர்வல் மணி அடித்த கையோடு அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னட்டி ஆச்சு ஒனக்கு?"

முனீஸ்வரி கீச்சுக் குரலில் சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்துக்குப் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள். அதில் டிராகன் ரயில் வந்திருக்கிறது. பச்சைக் கலர். மூக்கிலிருந்து புகை விடும். மேலே ஏறும்போது மெதுவாக ஏறும், இறங்கும்போது ஒரே இறக்கு.

"குண்டி சீட்ட விட்டு எந்திரிச்சிரும் தெரியுமா? நான் கத்தவே இல்லட்டி. அதுவாக் கத்திருச்சு."

"அது எப்பிடி அதுவாக் கத்தும்?"

"தெரியல. கத்திருச்சு."

ஹெப்சிக்கு அன்றைக்கு முழுக்கப் பாடம் ஏறவில்லை. அழுகை தானாக வரும், அது அவளுக்குத் தெரியும். கொட்டாவி தானாக வரும். விக்கல் வரும். கத்துவது எப்படித் தானாக வரும்? கத்த வேண்டும் என்று நினைத்தால்தானே வாய் திறக்கும்? பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் இரண்டு தடவை நினைக்காமல் கத்திப் பார்த்தாள். நினைக்காமல் கத்த வேண்டும் என்று நினைத்ததால் அது கணக்கில் சேராது என்று தோன்றியது.

முனீஸ்வரி இன்னொன்றும் சொல்லியிருந்தாள். ரயிலுக்குப் போகும் வழியில் பலகையில் வெட்டிய ஜோக்கர் பொம்மை ஒன்று ஒரு கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கை தலையில் இடித்தால் உள்ளே விடுவார்கள். இடிக்காமல் கீழே நுழைந்து போய்விட்டால் அவ்வளவுதான், திரும்பி வர வேண்டியதுதான். கையில் நாலடி என்று எழுதியிருக்குமாம்.

இங்கேதான் விமல் வருகிறான். விமலும் ஹெப்சியும் இரட்டைப் பிள்ளைகள். ஹெப்சி கால் மணி நேரம் முந்திப் பிறந்தவள். அந்தக் கால் மணி நேரத்தை வைத்துக்கொண்டு வீட்டில் அவள் நடத்துகிற அதிகாரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வளர்த்தியில் விமல் அவளை விட ரெண்டு இஞ்சு கூட. வயிற்றுக்குள் இருக்கும்போதே தன் சோற்றையும் சேர்த்துத் தின்றுவிட்டான் என்பது ஹெப்சியின் முடிவு. அப்படித் தின்று வளர்ந்தவனுக்கு மிக்சி ஓடுகிற சத்தம் பயம், பல்லி பயம், மதுரையில் ஒரு தடவை நகரும் படிக்கட்டில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்து அம்மாவைச் சாதாரணப் படியில் மூன்று மாடி ஏற வைத்தவன்.

"டிராகன் ரயில்ல நீயும் நானும் ஒரே சீட்ல" என்றாள் ஹெப்சி.

"நான் எதுக்கு?" என்றான் விமல்.

இது ஒரு கேள்வியா? குளிப்பது, அடி வாங்குவது, அம்மை போட்டது எல்லாமே ரெண்டு பேருக்கும் சேர்ந்துதான். இதுவும் அப்படித்தான்.

அந்த வாரம் அவள் வளர்வதற்காகப் பாடுபட்டாள். வகுப்பில் வைத்திருந்த மொச்சை விதை ஒரே வாரத்தில் ஒரு சாண் வளர்ந்திருந்தது. அதற்கு என்ன கொடுத்தார்கள்? ஈரப் பஞ்சு, தண்ணீர், வெயில். ராஜபாளையத்தில் பஞ்சுக்கா பஞ்சம்? அப்பா ஜெபக்குமார் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறார், சட்டை மடிப்பில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு ஒட்டிக்கொண்டு வரும். ஹெப்சி அதைச் சேர்த்துவைத்து, நனைத்து, ரெண்டு பாதத்திலும் சுற்றிக்கொண்டு மொட்டைமாடி வெயிலில் நின்றாள். விமல் நிழலில் உட்கார்ந்து, அம்மா வருகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"வளருதா?" என்று நடுவில் கேட்டான்.

"உள்ளங்கால் சுடுது. வளருதுன்னுதான் நெனைக்கேன்."

அம்மா பிரிஸ்கில்லா தளவாய்புரத்தில் ஒரு நைட்டி கம்பெனியில் கட்டிங் பார்க்கிறாள். காலையில் வேனில் போனால் சாயங்காலம்தான் வருவாள். மிச்சத் தையல் இருந்தால் வீட்டு மிஷினிலும் ஓட்டுவாள். வந்தவள் மகளின் பாதத்தைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, வெந்து போயிருக்கு. என்ன கூத்து அடிச்ச?" என்று ரெண்டு வைத்தாள். ஒன்று ஹெப்சிக்கு, ஒன்று காவல் காத்ததற்காக விமலுக்கு.

சனிக்கிழமை அப்பாவுக்கு ஆஃப். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். ஹெப்சி காலையிலிருந்து அரித்து எடுத்ததில், அப்பா தையல் மிஷின் மேல் தொங்கிய டேப்பை எடுத்துவந்தார். நிலைக்கதவோடு ஒட்டி நிற்க வைத்து, டேப்பின் நுனியைக் கால் பெருவிரலால் மிதித்துக்கொண்டு மேலே இழுத்தார். முதலில் விமல். ஐம்பது. விமலின் முகம் வாடிப்போனது.

அடுத்து ஹெப்சி. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குதிகாலத் தூக்காத."

"தூக்கலப்பா."

"தூக்கிருக்க. கீழ வையி."

வைத்தாள். அப்பா அவள் உச்சந்தலையில் ஒரு ஸ்கேலைப் படுக்கவைத்து, குனிந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். அப்புறம் மில் மிஷின் சத்தத்தை மீறிக் கத்துகிறவர் போலக் கத்தினார். "நாப்பத்தெட்டு! ஏ, நாலடி! சரியா நாலடி!"

ஹெப்சி தெருவில் இறங்கி நாலு வீடு தள்ளி வரை ஓடி, அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஜெப வேளையில் ஹெப்சி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஆண்டவரிடம் ஒரு இஞ்சு கூடுதலாகக் கேட்டிருந்தாள், கையிருப்பாக இருக்கட்டும் என்று. பக்கத்தில் விமலும் அதே அளவு உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தான். என்ன கேட்டான் என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் வந்து நின்றார்.

"ரெண்டு ஃபுல்லு, ஒரு அரை" என்றார் அப்பா.

"பாப்பாவுக்கு?"

"அவளுக்கு இன்னும் அஞ்சு முடியலண்ணே" என்று சொல்லிக்கொண்டே அப்பா ஹெப்சியின் தலையில் கையை வைத்து லேசாக அமுக்கினார்.

ஹெப்சி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "நான் இவனுக்கு அக்கா."

கண்டக்டர் விமலைப் பார்த்தார். "தம்பி எத்தனாப்பு?"

"ரெண்டாப்பு."

"அஞ்சு முடியாத அக்காவுக்கு ரெண்டாப்புத் தம்பியா? கணக்கு ஒதைக்குதே சார்."

பஸ்ஸே சிரித்தது. அப்பா இன்னொரு அரை டிக்கெட் வாங்கினார். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "காலையில சர்ச்சுல பாட்டுப் பாடுன வாயி" என்றாள்.

ஹெப்சிக்கு வேறு சந்தேகம். "ஏம்ப்பா, பஸ்ல குட்டையா இருக்கணும், அங்க போயி நெட்டையா இருக்கணுமா?"

"பேசாம வா தாயி."

பொருட்காட்சித் திடல் ஒரு கண்மாய்க் கரையை ஒட்டி இருந்தது. ஆடிக் காற்று புழுதியைக் கிளப்பிக் கடைகளின் தார்ப்பாயைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தேர் ஓடி முடிந்துவிட்டதால் கூட்டம் குறைச்சல். மிளகாய் பஜ்ஜி, டெல்லி அப்பளம், வளையல் கடை எல்லாவற்றையும் ஹெப்சி திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்தாள். டிராகன் ரயில் கடைசியில் இருந்தது. பச்சைதான். ஒரு பக்கத்து மீசை மட்டும் உடைந்திருந்தது. புகையைக் காணோம்.

"பொகையக் காணோமே" என்றாள்.

"பேட்டரி வீக்கு" என்றார் வாசலில் விசிலோடு நின்றவர். கருத்தையா என்று கழுத்தில் அட்டை தொங்கியது. முப்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த முகம்.

ஜோக்கர் நின்றான். சிவப்பு மூக்கு, நீட்டிய வலது கை. அந்தக் கையின் அடிப்பக்கம் பெயிண்ட் போய்ப் பளபளவென்று இருந்தது. எத்தனை தலைகள் இடித்திருக்கும் என்று ஹெப்சிக்கு ஆச்சரியமாக இருந்தது.

விமல் முதலில் போனான். டொக்கென்று நெற்றியில் இடித்தது. கருத்தையா உள்ளே தள்ளிவிட்டார். அடுத்து ஹெப்சி, தலையை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். ஒன்றுமே இடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது ஜோக்கர் அவளுக்குப் பின்னால் இருந்தான்.

"பாப்பா அடுத்த வருசம்" என்றார் கருத்தையா.

"நாலடி இருக்கேன்!"

"ஜோக்கரு இல்லங்கறானே."

"எங்கப்பா அளந்தாரு. நாப்பத்தெட்டு. அப்பா, சொல்லுங்கப்பா!"

அப்பா முன்னால் வந்தார். "ஆமாண்ணே. நேத்துத்தான் நானே அளந்தேன். சுத்தமா நாலடி."

அம்மாவுக்கு அப்போதுதான் என்னவோ உறைத்தது. "எந்த டேப்புல அளந்தீக?"

"ஒன் டேப்புதான். மிஷின்ல கெடந்துச்சே, மஞ்ச டேப்பு."

அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். அந்த டேப்பின் நுனித் தகடு எப்போதோ கழன்றுவிட்டது. முதல் இஞ்சு நைந்து நூல் நூலாகப் பிரிந்ததால் அவளே கத்தரியால் நறுக்கி எறிந்திருந்தாள். புதுசு வாங்கலாம்தான். ஆனால் கை பழகின டேப்பை எந்த டெய்லரும் விடமாட்டாள். கம்பெனியில் பாதிப் பேரின் டேப் அப்படித்தான். அளந்து முடித்ததும் வாய் தன்னாலே 'ஒண்ணு போக' என்று சொல்லிக்கொள்ளும்.

"அது நுனி போன டேப்புங்க. ஒண்ணு போக நாப்பத்தேழு."

"இத யாரு எனக்குச் சொன்னா?"

"தளவாய்புரத்துல நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும்."

"நான் மில்லுக்காரன். எனக்கு எப்பிடித் தெரியும்? டேப்பு ஒண்ணுல ஆரம்பிக்குமா, சைபர்ல ஆரம்பிக்குமான்னு பாத்துக்கிட்டா இருப்பாக?"

"அளக்கிறவுக பாப்பாக."

ஹெப்சி இது எதையும் கேட்கவில்லை. அவள் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விமல் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தை அழுகிற மாதிரி வைத்திருந்தான். ஆனால் காது ரெண்டும் மேலே ஏறியிருந்தது.

"என்னலே சிரிக்கிற?"

"நான் எங்க சிரிச்சேன்?"

"ஓங் காது சிரிக்குது. சர்ச்சுல என்னலே கேட்ட?"

விமலுக்குப் பொய் வராது. "நான் குட்டையாகணும்னு கேட்டேன்" என்றான். "ஆண்டவரு ஆள் மாத்திட்டாரு போல."

அப்பா சமாதானத்துக்கு இறங்கினார். "விடு தாயி. பால்கோவா வாங்கித் தாரேன். அந்தப் பெரிய ராட்டினத்துல போவோம். குதிர ராட்டினம்..."

"எனக்குப் பால்கோவா வேண்டாம்."

ஹெப்சி ஜோக்கரிடம் திரும்பிப் போனாள். அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். சுற்றி வந்தாள். உட்கார்ந்து அவன் காலைப் பார்த்தாள். எழுந்து வந்து கருத்தையாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, இங்க பாருங்க. ஜோக்கரு மேட்டுல நிக்கான். நடந்து போற எடம் குழியா இருக்கு."

உண்மைதான். இத்தனை நாள் இத்தனை பிள்ளைகள் மிதித்து மிதித்து, அவன் கைக்கு நேர் கீழே மண் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. போன வாரம் பெய்த தூறலில் அது இன்னும் கொஞ்சம் அமுங்கியிருந்தது.

"முத நாளு வந்தவுகளுக்கு இந்தக் குழி இருந்துச்சா?"

கருத்தையா குனிந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். "இல்ல."

"அப்ப அன்னைக்கு வந்தவுகளுக்கு ஒரு அளவு, எனக்கு ஒரு அளவா?"

"ஏ யப்பா" என்றார் கருத்தையா, அப்பாவைப் பார்த்து. "இவள வக்கீலுக்குப் படிக்க வையிங்க சார்."

ஒரு பலகையைக் கொண்டுவந்து பள்ளத்தின் மேல் மட்டமாகப் போட்டார். ஜோக்கரின் காலும் பலகையும் ஒரே மட்டம்தானா என்று ஹெப்சி குனிந்து சரிபார்த்தாள். பிறகு பலகையில் ஏறி, கைக்கு நேர் கீழே போய் நின்றாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

கருத்தையா அவள் தலைக்கும் ஜோக்கரின் கைக்கும் நடுவில் பெருவிரலை நுழைத்தார். நுழைந்தது.

"ஒரு வெரலு."

"ஒரு வெரலு இல்லாட்டி என்னண்ணே ஆகும்?"

"தெரியல பாப்பா. ரயிலோட சேர்ந்து இந்தப் பொம்மையும் வந்துச்சு. இவன் வேண்டாம்னா வேண்டாம்."

"ஒங்களுக்கே தெரியாதா?"

கேள்வி கொஞ்சம் குத்தியிருக்க வேண்டும். கருத்தையா சுற்றுமுற்றும் பார்த்தார். ரயிலில் பாதி சீட் காலி. அப்பா அவர் காதருகே போய் மெதுவாகச் சொன்னார்: "ஒரு வெரலுதானண்ணே. ராஜபாளையத்துல இருந்து இதுக்குன்னே வந்துருக்கோம். ஒரு வாரமாத் தூங்கல புள்ள."

கருத்தையா பலகையைக் காலால் தள்ளினார். "சரி, ஏறு. தம்பி கையக் கெட்டியாப் பிடிச்சுக்கிடணும்."

அம்மா மட்டும் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "விழுந்துர மாட்டாளே?"

"மடிக்கு மேல கம்பி வருதுல்லக்கா."

ஹெப்சி அதற்குள் ஓடிவிட்டாள். கடைசிக்கு முந்தின பெட்டி. விமலை உள்பக்கம் தள்ளி, தான் ஓரத்தில் உட்கார்ந்தாள். விமலின் தொடை நடுங்குவது அவள் தொடையில் தெரிந்தது. ஹெப்சிக்கும் நடுக்கம்தான், ஆனால் அது வேறு நடுக்கம். முன்னால் தண்டவாளம் மேலே ஏறி வானத்தில் போய் முடிந்துவிட்ட மாதிரி நின்றது. அதற்கு அந்தப் பக்கம் என்ன என்று இன்னும் செத்த நேரத்தில் தெரிந்துவிடும்.

கருத்தையா ஒவ்வொரு பெட்டியாகக் கம்பியை இறக்கிக்கொண்டு வந்தார். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி. கறுப்பு ரப்பர் சுற்றியது. டக், டக், டக்கென்று இறங்கி விமலின் தொடையில் போய் அழுத்தி நின்றது. அதற்கு மேல் இறங்கவில்லை. அவர் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

ஹெப்சி கம்பியைப் பார்த்தாள். அது அவள் தொடையைத் தொடவில்லை. நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கையை மடக்கி நுழைத்தாள். போனது. அதன் மேல் இன்னொரு கையை வைத்தாள். அதுவும் போனது.

"என்னட்டி பண்ற?" என்றான் விமல், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இரு."

ஒரு முழங்காலை மடக்கித் தூக்கினாள். கம்பிக்கு வெளியே வந்துவிட்டது. அடுத்ததையும் தூக்கினாள். பிறகு ரெண்டு காலையும் மறுபடி கீழே விட்டு, அப்படியே வழுக்கி இறங்கி, கம்பிக்கு அடியில் பெட்டியின் தகரத் தரையில் உட்கார்ந்து, அங்கிருந்து தம்பியை அண்ணாந்து பார்த்தாள். மறுபடி நெளிந்து மேலே வந்து சீட்டில் உட்கார்ந்தாள். எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

விமல் பார்த்தான். "ஏட்டி, வெளிய வந்துட்ட."

"ஆமாலே."

"அப்ப அங்கிட்டு இறங்குறப்ப?"

ஹெப்சி அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். முனீஸ்வரிக்குச் சீட்டை விட்டு உடம்பு எழுந்துவிட்டது. அவள் உயரமானவள், எழுந்ததும் கம்பி பிடித்திருக்கும். தனக்கு எழுந்தால் எது பிடிக்கும்?

பின்னால் கருத்தையா கடைசிப் பெட்டியைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். தடுப்புக் கம்பிக்கு வெளியே அப்பா செல்போனைத் தூக்கிப் பிடித்து, "ஹெப்சி, இங்க பாரு, சிரி!" என்று கத்தினார்.

"நான் ஒன்னப் பிடிச்சுக்கிடுதேன்" என்றான் விமல். அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது. இருந்தாலும் சொன்னான். மிக்சிக்குப் பயப்படுகிறவன், அவள் மணிக்கட்டை ரெண்டு கையாலும் பற்றிக்கொண்டான்.

ஹெப்சி கையை ஒரு இழு இழுத்தாள். வேர்வையில் வழுக்கிக்கொண்டு சுலபமாக வந்துவிட்டது. விமல் தன் வெறும் கைகளைப் பார்த்தான்.

கருத்தையா விசிலை வாயில் வைத்தார்.

இப்போது பேசாமல் இருந்தால் ரயில் கிளம்பிவிடும். தண்டவாளத்தின் அந்தப் பக்கம் தெரிந்துவிடும். ஒரு வாரமாகத் தெரிய வேண்டும் என்று தவித்தது எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் இதுவும் இப்போது தெரிந்துவிட்டதே. தெரிந்ததைத் தெரியாததாக ஆக்க முடியவில்லை.

"அண்ணே!" என்று எழுந்து நின்று கத்தினாள். கம்பி போட்ட பெட்டியில் அவளால் எழுந்து நிற்க முடிந்தது. அதுவே போதும். "அண்ணே, எனக்கு லூசா இருக்கு!"

கருத்தையாவின் வாயிலிருந்து விசில் விழுந்தது. ஓடி வந்து கம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கம்பிக்கும் சீட்டுக்கும் நடுவில் தன் கையை முழங்கை வரை விட்டுப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப் போனது. அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வெளியே இறக்கினார்.

"ஒரு வெரலு" என்றாள் ஹெப்சி அவரிடம். "அங்க ஒரு வெரலு கொறஞ்சா இங்க ரெண்டு கை நுழையிது. எப்பிடிண்ணே?"

"சாமி, நீ மொதல்ல அம்மாட்ட போ."

பெட்டிக்குள் விமல் கம்பியைத் தள்ளிக்கொண்டிருந்தான். "நானும் எறங்குதேன். எறக்கி விடுங்கண்ணே."

ஹெப்சி திரும்பினாள். "நீ எங்கலே எந்திரிக்கிற? ஒனக்குத்தான் டைட்டா இருக்குல்ல?"

"நீ இல்லாம நான் போகமாட்டேன்."

"ஏலே, நானும் போகல, நீயும் போகலன்னா எனக்கு யாரு சொல்லுவா?"

விமலுக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. ஹெப்சி பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள். "கேளு. வாய இறுக்கி மூடிக்கோ. கத்தக்கூடாதுன்னே நெனச்சுக்கிட்டு இரு. அதுக்கு மேலயும் வந்துச்சுன்னா அதுவா வருதுன்னு அர்த்தம். புரியுதா? கண்ண மட்டும் மூடிராத. நீ மூடுனா நான் போன மாதிரியே இருக்காது."

விமல் தலையாட்டினானா, நடுங்கினானா என்று தெரியவில்லை. கருத்தையா விசில் ஊதினார்.

அம்மா ஹெப்சியை வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்பா செல்போனைப் பையில் போட்டுவிட்டார், படம் எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான்தான் ஏத்தி விடச் சொன்னேன்" என்றார். அம்மா, "ஆமா" என்றாள்.

ஹெப்சி தடுப்புக் கம்பிக்கு மேல் எக்கிப் பார்த்தாள். ரயில் ஏறியது. உச்சியில் ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. விமலின் வாய் கோடு மாதிரி இறுக்கி மூடியிருந்தது, கண் முட்டை மாதிரித் திறந்திருந்தது. சொன்னபடி செய்கிறான்! ரயில் விழுந்தது. வளைவில் மறைந்தது. அந்தப் பக்கமிருந்து ஒரே கூச்சல். அதில் எது விமல் என்று பிரித்தெடுக்க முடியவில்லை. மறுபடி வெளியே வந்தபோது அவன் வாய் ஊரளவு திறந்திருந்தது, முடி நட்டுக்கொண்டு நின்றது, ரெண்டு கையும் கம்பியை விட்டு மேலே போயிருந்தது. யார் தூக்கச் சொன்னது?

ரயில் நின்றது. கருத்தையா கம்பியை ஏற்றினார். விமல் இறங்கி, கால் தடுமாறி, நேராக அப்பாவிடம் வந்தான்.

"அப்பா, இன்னொருக்கா போகட்டுமா?"

ஹெப்சிக்கு முகத்தில் யாரோ தண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது. அவன் அவளைப் பார்க்கவே இல்லை. அவன் பார்வை இன்னும் தண்டவாளத்தின் மேலேயே இருந்தது.

"ஏலே."

"ம்."

"கத்துனியா?"

"கத்துனேன்."

"தானா வந்துச்சா, நீ கத்துனியா?"

விமல் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு. "வாய மூடித்தான் வச்சிருந்தேன். கத்தல் ஏற்கனவே உள்ள இருந்துச்சு. வாயத் தொறந்ததும் வெளிய வந்துருச்சு."

"வாயத் தொறந்தது யாரு?"

"அதாந் தெரியல."

"வயித்துல?"

"வயித்துல ஒண்ணு வரும்... வராது, போகும். போகும்போது..." கையைத் தூக்கினான், இறக்கினான். "சொல்லத் தெரியலட்டி."

"சொல்லத் தெரியாதவன எதுக்குலே அனுப்புனேன்?"

அவள் விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் அம்மா கூப்பிட்டது காதில் விழுந்தது, நிற்கவில்லை. கடைகள் முடிந்து, வண்டிகள் நிறுத்தியிருந்த இடமும் தாண்டி, கண்மாய்க் கரையின் அடிவாரத்தில்தான் நின்றாள். தனக்குத் தெரியாத ஒன்று விமலுக்குத் தெரியும். இதற்கு முன் இப்படி நடந்ததே இல்லை. அவனுக்கு முந்திப் பிறந்து, அவனுக்கு முந்திப் பேசி, அவனுக்கு முந்திப் பல் விழுந்து, எல்லாவற்றையும் அவள்தான் பார்த்துவிட்டு வந்து அவனுக்குச் சொல்வாள். இப்போது அவன் பார்த்துவிட்டு வந்திருக்கிறான், சொல்லவும் தெரியவில்லை.

விமல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். அவளைப் பார்த்தான். பிறகு கரையைப் பார்த்தான். புல் காய்ந்து, சரிவு வழுவழுவென்று கிடந்தது.

"வா" என்று அவள் கையைப் பிடித்தான்.

"எங்க?"

"வா, காட்டுதேன்."

பாதிக் கரை ஏறினார்கள். அவன் அவளைத் திருப்பி நிறுத்தினான். "ஓடணும். நிக்கக்கூடாது. நான் சொல்லும்போது குதி."

ஓடினார்கள். காற்று எதிரே அடித்தது. கால்கள் தங்களுடையவை மாதிரியே இல்லை. "இப்ப!" என்றான். குதித்தாள். ஒரு கண்ணிமைப்பு நேரம் கீழே தரை இல்லை. அப்புறம் ரெண்டு பேரும் புழுதியில் உருண்டார்கள்.

ஹெப்சி எழுந்து உட்கார்ந்து வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். அங்கே என்னவோ ஒன்று இன்னும் வந்து சேராமல் இருந்தது.

"இப்பிடியா?"

விமல் கண்ணை மூடி, நினைவுபடுத்திப் பார்த்தான். "இல்ல. இன்னும்."

"எம்புட்டு?"

அவன் திரும்பிக் கரையின் உச்சியைப் பார்த்தான். வழக்கமாக அவ்வளவு உயரத்துக்கு அவன் ஏறவே மாட்டான். மேலே ஏறத் தொடங்கினான். ஹெப்சி பாவாடையை எடுத்துச் சொருகிக்கொண்டு, அவனுக்கு ஒரு எட்டுப் பின்னால், அவன் கால் வைத்த இடத்தில் கால் வைத்து ஏறினாள்.